பேப்பர் போடுவதா, காத்திருப்பதா? மறைமலை நகர் ஃபோர்டு ஆலை சொல்லும் கணக்கு

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. குஜராத்தின் சாணந்த் ஆலையில் கார் உற்பத்தி அந்த ஆண்டின் கடைசிக்குள் நிற்கும், சென்னைக்கு அருகே உள்ள மறைமலை நகர் ஆலை 2022 இரண்டாம் காலாண்டுக்குள் மூடப்படும் என்றது. இரண்டு இடங்களிலும் சேர்த்துச் சுமார் 4,000 பேருக்கு வேலை போகும் என்று கம்பெனியே சொன்னது. மறைமலை நகரில் மட்டும் நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,600 பேர்.

அன்று முதல், வேலை போகுமா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டு இப்போதே போய்விடுவதா, கடைசி கார் வெளியே வரும்வரை இருப்பதா என்பதுதான் பேச்சு. இதே கேள்வியோடு இன்று சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐடி அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபோர்டு விஷயத்தில் தேதிகளும் தொகைகளும் வெளிச்சத்தில் இருக்கின்றன என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். அங்கே கிடைக்கும் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதுதான் இந்த ஆய்வில் முக்கியமான பகுதி.

அறிவிப்புக்கு முன்பே தெரிந்த அடையாளங்கள்

ஃபோர்டு 1995இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. முதலில் எஸ்கார்ட், 1999இல் ஐகான், 2013இல் ஈக்கோஸ்போர்ட். மறைமலை நகர் ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கார்களும் 3.4 லட்சம் எஞ்சின்களும் தயாரிக்கும் திறன் இருந்தது. ஓடியதோ அதில் சொற்பம். பத்து ஆண்டுகளில் சேர்ந்த நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல்.

2019 அக்டோபரில் ஃபோர்டும் மஹிந்திராவும் மறுபடியும் கூட்டு அறிவித்தன. ஃபோர்டின் இந்தியத் தொழிலில் பெரும்பகுதி மஹிந்திராவுக்குப் பெரும்பான்மைப் பங்கு உள்ள புதுக் கம்பெனிக்குப் போவதாக ஏற்பாடு. 2021 புத்தாண்டு பிறந்த நேரத்தில் அந்தக் கூட்டு கைவிடப்பட்டது. கணக்கு வழக்கு தெரிந்தவர்களுக்கு அன்றே விஷயம் புரிந்திருக்கும். தனியாக ஓட்டவும் முடியாது, கூட்டாளியும் இல்லை என்றால் மிச்சம் ஒரே வழிதான்.

இப்போது ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பதை ஒட்டி, 20 ஆண்டு சர்வீஸ், மாதம் மொத்தச் சம்பளம் 60,000 ரூபாய். 2021 ஜனவரியிலேயே "இது தேறாது" என்று சரியாகக் கணித்து, கிடைத்த வேலைக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லைனில் இருந்தவர் செய்தித்தாளே படிக்காத மனிதர், ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டார். பண விஷயத்தில் ஜெயித்தவர் இரண்டாமவர், அதுவும் பல லட்ச ரூபாய் வித்தியாசத்தில்.

கம்பெனி மூடுமா என்பது ஒரு கேள்வி. நான் போகலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் "ஆம்" என்று தெரிந்தவுடனே இரண்டாவதுக்கும் "ஆம்" என்று எழுதிவிடுகிறோம். தப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

சட்டம் தருவது எவ்வளவு

அப்போது நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம். ஆட்குறைப்போ மூடலோ நடந்தால், முடித்த ஒவ்வொரு ஆண்டு சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. நம்முடைய கற்பனைத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் தோராயமாக 2,000 ரூபாய் என்று வைத்தால், 300 நாளுக்கு 6 லட்சம். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த 6 லட்சமும் இல்லை. ஏனென்றால் தானாக வேலையை விட்டவரைச் சட்டம் ஆட்குறைப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிராஜுவிட்டி வேறு கணக்கு. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும், வெளியேற்றப்பட்டாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 20 ஆண்டாலும் பெருக்கினால் சுமார் 3.46 லட்சம். பிஎஃப் பணமும் அப்படித்தான், எப்படிப் போனாலும் அது உங்களுடையது. போவதா இருப்பதா என்று தராசில் வைக்கும்போது இவை இரண்டையும் எடுத்துவிட வேண்டும். "காத்திருந்தால் கிராஜுவிட்டி, பிஎஃப் எல்லாம் வருமே" என்று கூட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் நிறைய. அவை ஏற்கெனவே சம்பாதித்த பணம்.

ஆக, காத்திருந்தால் சட்டப்படி கிடைப்பது 6 லட்சமும், அறிவிப்பிலிருந்து மூடல்வரை சுமார் பத்து மாதச் சம்பளமும். அதற்காக மட்டும் ஒருவர் நல்ல வேலையைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் ஃபோர்டில் கைக்கு வந்தது சட்டத் தொகை அல்ல.

15 நாள் எப்படி 115 ஆனது

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையை மூட வேண்டுமானால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் மூடினால் அது சட்டவிரோத மூடல், தொழிலாளர்களுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு பிடிக்காது. தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டு, அவர்களாகவே கையெழுத்துப் போட்டு விலகியதாகக் காட்டுவது சுலபமான வழி. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு. பேச்சுவார்த்தையில் தொழிலாளர் கையில் இருந்த முதல் சீட்டு இது.

இரண்டாவது சீட்டு, ஈக்கோஸ்போர்ட். உள்நாட்டு விற்பனைக்கான உற்பத்தி நின்றாலும், ஏற்றுமதி ஆர்டர்களை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனிக்கு இருந்தது. ஆகவே லைன் ஓடியாக வேண்டும். 2022 மே கடைசியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இந்தச் சீட்டைத்தான் விளையாடியது. மூடப்போகும் ஆலையில் வேலைநிறுத்தமா என்று கேட்டவர்கள் உண்டு. மூடப்போகும் ஆலையில், அதுவும் கடைசிச் சில வாரங்களில்தான், அதற்குப் பலன் இருந்தது. கார் வெளியே போன பிறகு யாரிடம் போய் வேலைநிறுத்தம் செய்வது?

ஜூன் மாதம் கம்பெனி ஒரு தொகையை வெளியிட்டது. முடித்த ஒவ்வொரு ஆண்டு சர்வீஸுக்கும் 87 நாள் மொத்தச் சம்பளம், அதோடு ஆண்டுக்கு 50,000 ரூபாய், சில சலுகைகள். எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 115 நாள் சம்பளம். குறைந்தபட்சம் 30 லட்சம், அதிகபட்சம் 80 லட்சம். யூனியன் அதைவிடக் கூடுதல் கேட்டது. பேச்சு நீண்டு, 115 என்பது 130 நாள் என்ற அளவுக்கு ஏறியது. ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது.

115ஐயே வைத்துப் பார்ப்போம். நம்முடைய 20 ஆண்டு சர்வீஸ்காரருக்கு 2,300 நாள் சம்பளம், 46 லட்சம். சட்டத் தொகையைப்போல ஏழெட்டு மடங்கு. ஜனவரியில் புத்திசாலித்தனமாகப் போனவர் இதைத்தான் விட்டுவிட்டுப் போனார். சர்வீஸ் குறைந்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் கூர்மையானது. 45,000 சம்பளத்தில் 6 ஆண்டு சர்வீஸ் என்றால் சூத்திரப்படி 10 லட்சம் சொச்சம். ஆனால் குறைந்தபட்சம் 30 லட்சம் என்று கோடு போட்டதால், தொகை மூன்று மடங்காகிவிடுகிறது.

வருமான வரியும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் விருப்ப ஓய்விலும் 5 லட்சம் வரைதான் பொதுவாக விலக்கு. மிச்சம் சம்பள வருமானம் மாதிரியே வரிக்கு உட்படும். கைக்கு வருவது அறிவித்த தொகை அல்ல.

காத்திருப்பு தின்றது என்ன

இதையெல்லாம் படித்துவிட்டு, காத்திருந்தவர்கள் எல்லாரும் லாபத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். பேச்சுவார்த்தையின் தொடக்கத்தில் தொழிலாளர்கள் கேட்டது பணம் அல்ல, வேலை. யார் ஆலையை வாங்கினாலும் எங்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது கோரிக்கை. இடையில் ஏகப்பட்ட பெயர்கள் அடிபட்டன. 2022 பிப்ரவரியில், மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டப் பட்டியலில் ஃபோர்டின் பெயர் வந்ததும், மின்சாரக் கார் தயாரித்து ஏற்றுமதி செய்வார்களாம் என்று பேச்சு கிளம்பியது. மே மாதம் அந்த யோசனையை ஃபோர்டு கைவிட்டது. அந்த மூன்று மாதங்கள் வேறு வேலை தேடுவதைத் தள்ளிப்போட எத்தனை பேருக்குக் காரணமாக இருந்திருக்கும்!

சாணந்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. டாடா மோட்டார்ஸ் அந்த ஆலையை 725.7 கோடி ரூபாய்க்கு வாங்க 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டது. தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலை தருவதும் அதில் அடக்கம். 2023 ஜனவரியில் கைமாறியது. ஒரே முதலாளி, ஒரே அறிவிப்பு, ஒரு ஊரில் வேலை தொடர்ந்தது, இன்னொரு ஊரில் பணம் மட்டும் கிடைத்தது. காத்திருந்தவர்கள் யாரும் இதை முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. வாங்க ஆள் வருவது உங்கள் கையில் இல்லை, அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

வயது இன்னொரு விஷயம். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேறு கார் கம்பெனி வாசலில் போய் நின்றால் நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம். அங்கே லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பயிற்சியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும். ஆகவே ஃபோர்டு தொழிலாளர்களுக்கு வெளியே இருந்த மாற்று மிகச் சன்னமானது. காத்திருந்தால் கிடைக்கும் தொகை அதிகம், போவதற்குப் பலன் குறைவு. இரண்டும் சேர்ந்ததால்தான் காத்திருப்பது சரியான முடிவு. இதில் ஒன்று மாறினாலும் விடை மாறும்.

விடை மாறிய இடம்: நோக்கியா

மாறியதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்தது. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர், அதில் இளம்பெண்கள் ஏராளம். 2013இல் வருமான வரித்துறையோடு தகராறு முற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டிருந்ததால், 2014 ஏப்ரல் 25 அன்று கைமாறிய சொத்துகளில் சென்னை ஆலை இல்லை. மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுக்கும் அனாதை ஆலையாக அது மிஞ்சியது.

அந்தக் கோடையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தங்கியவர்கள் சுமார் 1,100 பேர். அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது.

விருப்ப ஓய்வு எடுத்துப் போனவர்களை அவசரக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு ஆண்டுதான் ஆன ஆலை, யாருக்கும் அதற்கு மேல் சர்வீஸ் கிடையாது. சர்வீஸால் பெருக்கும் எந்தச் சூத்திரமும் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தராது. கையில் இருந்த சொத்து வயது. இருபத்து மூன்று வயதில் ஆறு மாதம் முன்னதாக வெளியே போய் நர்ஸிங்கோ, பி.எட்.டோ, வேறு கம்பெனியோ என்று தொடங்குவதற்கு மதிப்பு உண்டு. அதோடு, ஃபோர்டுக்கு ஈக்கோஸ்போர்ட் தேவைப்பட்ட மாதிரி, ஸ்ரீபெரும்புதூரில் தயாரான போன்களை நம்பி யாரும் இல்லை. வாங்குபவர் ஒரே ஒரு கம்பெனி, அது வேறு நாட்டில் செய்துகொள்ளத் தயாராக இருந்தது. உற்பத்தியை நிறுத்தி மிரட்டினால் யாருக்கும் வலிக்காது. அந்தக் கட்டடத்தைப் பிறகு போன் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் கம்பெனி வாங்கியது, அதற்கு ஐந்து ஆண்டு ஆனது.

அப்புறம் ஐடி

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாகச் சொன்னபோது பலரும் கேட்டது இதே கேள்விதான். "அவங்களே தூக்கட்டும், காசு வாங்கிட்டுப் போவோம்" என்று ஒரு கட்சி. "பேர் கெடுவதற்குள் பேப்பர் போட்டுடு" என்று இன்னொரு கட்சி, பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் "பையனைத் தூக்கிட்டாங்களாம்" என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு.

ஃபோர்டு கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. மூடல் தேதி இல்லை, உற்பத்தியை நிறுத்தும் பலமும் பெரும்பாலும் இல்லை. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியது, ஆனால் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு மேனேஜர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்ல, அவருக்கு 15 நாள் கணக்குகூடக் கிடையாது, நியமனக் கடிதத்தில் எழுதிய நோட்டீஸ் சம்பளம்தான். ஆலைகளுக்கே நிலைமை மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பில், மூடுவதற்கு முன் அனுமதி கேட்கும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது.

ஆகவே ஐடியில் காத்திருப்பதற்கு விலை கிடைப்பது, கம்பெனி வெளிப்படையாக ஒரு திட்டத்தை வைக்கும்போதுதான். 2017 மே மாதம் காக்னிஸன்ட் தன் மூத்த நிர்வாகிகளுக்கு ஆறு முதல் ஒன்பது மாதச் சம்பளம் தந்து விலகச் சொன்னது, சுமார் 400 பேர் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின மாதம் சும்மா ராஜினாமா செய்தவர் அதை இழந்தார். ஆனால் இப்படித் திட்டம் வரும் என்று நம்பி ஒரு வருடம் உட்கார்ந்திருப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதுதான்.

என் அபிப்பிராயம்: ஐடியில் இருப்பவர் தேடுவதை இன்றே தொடங்க வேண்டும், விடுவதை வேறு ஆஃபர் கையில் வரும்வரை தள்ளிப்போட வேண்டும். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தம் இல்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவரை எடுக்கத் தயங்கும் கம்பெனிகள், அனுப்பப்பட்டவரை "உடனே சேருவார்" என்று விரும்பி எடுக்கின்றன. ஊர் வாயில் பேர் கெடுவது வேறு, ஆள் எடுக்கும் இடத்தில் கெடுவது வேறு.

தவிர்க்க வேண்டியது மூன்றாவது வழி. ஹெச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் கிளீனா இருக்கும், இல்லேன்னா டெர்மினேட் பண்ணுவோம்" என்பார்கள். அங்கே போட்ட கையெழுத்து ஆட்குறைப்பைத் தன்விருப்ப விலகலாக மாற்றிவிடும். அதற்குப் பிறகு இழப்பீடு கேட்டு நிற்பது கஷ்டம். கையெழுத்துப் போடாமல் நின்றவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2015 ஜனவரியில், பெரிய ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினார்.

"வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வர எந்த ஊழியருக்கும் உரிமை உண்டு. சொன்னதையெல்லாம் அன்றைக்கே மெயிலில் எழுதி, "நீங்கள் இப்படிக் கேட்டதாகப் புரிந்துகொண்டேன், சரியா" என்று அனுப்பிவைக்கலாம். சர்வீஸ் நாலரை ஆண்டைத் தாண்டியவர் காலண்டரையும் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு முடிந்ததாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாலு வருடம் ஏழு மாதத்தில் இருக்கும் ஒருவர் தொகையை ஏற்றிக் கேட்பதைவிட, கடைசி வேலை நாளை ஒன்றரை மாதம் தள்ளிப்போடக் கேட்பது லாபம். ஹெச்ஆரும் அதற்குச் சுலபமாக ஒத்துக்கொள்வார், அவருடைய பட்ஜெட்டில் அது சிறிய தொகை.